பச்சிளங்குழந்தையின் இரத்தச் சர்க்கரையைப் படுக்கையருகே அளக்கும்போது

பிறந்து இரண்டு மணி நேரமான, 2.1 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் குதிகாலில் குத்தி, வந்த துளியை ஸ்ட்ரிப்பில் தொட்டதும் குளுக்கோமீட்டர் 48 என்று காட்டுகிறது. சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையோ 45-க்குக் கீழே போனால்தான் சர்க்கரைக் குறைவு என்கிறது. ஆகவே கேஸ் ஷீட்டில் ‘சிபிஜி (நுண்குழாய் இரத்தச் சர்க்கரை) 48, நார்மல்’ என்று எழுதிவிட்டு, குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் அடுத்த வார்மர் மேசைக்குப் போய்விடுகிறோம். அந்த 48-ஐ எந்த அளவுக்கு நம்பலாம், அதை நம்பத்தக்கதாக ஆக்குவதற்குக் குத்துவதற்கு முன்பும் பின்பும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். இது பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றும் செவிலியர்களையும் பணி மருத்துவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய மீட்டரைக் கொண்டு பேரக்குழந்தையைச் சோதிப்பதற்கான கையேடு அன்று. இங்கே வரும் எண்கள் யாவும், வேறு அலகு குறிப்பிட்டிருந்தாலொழிய, ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளவை.

முதலில் கருவியின் பிழையைக் கணக்கிட்டுப் பாருங்கள். வீட்டு உபயோக மீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 தரநிலையின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு, சர்க்கரை 100-க்குக் குறைவாக இருக்கும்போது, நூற்றுக்கு 95 அளவீடுகள் ஆய்வக மதிப்பிலிருந்து 15 மி.கி. வரை கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. அப்படியானால் 48 என்று காட்டிய குழந்தையின் உண்மையான அளவு 33 ஆகவும் இருக்கலாம், 63 ஆகவும் இருக்கலாம். இரண்டு நிலையிலும் கருவி தரநிலைக்குள்தான் இருக்கிறது. மருத்துவமனைகளில் பயன்படும் மீட்டர்களுக்கென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைச் சற்று இறுக்கி, 75-க்குக் கீழே 12 மி.கி. வரை மட்டுமே விலகலாம் என்றது. அதன்படி பார்த்தாலும் 36 முதல் 60 வரை இடம் இருக்கிறது. நூற்றில் மீதமுள்ள ஐந்து அளவீடுகள் இந்த வரம்பையும் தாண்டிப் போகலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. நீரிழிவு உள்ள ஐம்பது வயதுக்காரருக்குச் சர்க்கரை 180 ஆனாலும் 195 ஆனாலும் சிகிச்சை பெரிதாக மாறப்போவதில்லை. பச்சிளங்குழந்தைக்கோ 35-க்கும் 50-க்கும் இடைப்பட்ட அந்தப் பதினைந்து மில்லிகிராமுக்குள்ளேயே எல்லா முடிவுகளும் அடங்கியிருக்கின்றன. முடிவெடுக்க வேண்டிய இடமும் கருவி தவறக்கூடிய இடமும் ஒரே அகலம் கொண்டவை என்பதுதான் இங்குள்ள சிக்கல்.

எல்லைக்கோடு எது என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு 45-க்குக் கீழே என்கிறது. பிரிட்டனின் பச்சிளங்குழந்தை மருத்துவச் சங்கம் 2017-இல் ஒரு லிட்டருக்கு 2.0 மில்லிமோல் என்று வகுத்தது. மில்லிகிராம் கணக்குக்கு மாற்ற 18-ஆல் பெருக்கினால் அது 36. அமெரிக்கக் குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2015-இல் முதல் 48 மணி நேரத்துக்கு 50-க்கு மேலும், அதன்பின் 60-க்கு மேலும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னது. இவற்றில் எதை உங்கள் பிரிவு ஏற்றுக்கொண்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். ஆனால் வெளிநாட்டு நெறிமுறையைப் படிக்கும்போது அலகைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

குழந்தையின் இரத்தத்தால் வரும் பிழை

பெரும்பாலான ஸ்ட்ரிப்புகள் பெரியவர்களின் இரத்தத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை. பச்சிளங்குழந்தையின் இரத்தம் பெரியவர்களுடையதைவிடக் கெட்டியானது. சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமாட்டோகிரிட் 45 முதல் 65 சதவீதம் வரை இருப்பது பிறந்த குழந்தைக்கு இயல்பே. சிவப்பணுக்கள் நெருக்கமாக இருக்கும்போது, பிளாஸ்மா ஸ்ட்ரிப்பின் வேதிப்பூச்சைப் போய்ச் சேர்வது தடைபட்டு, மீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது. இரத்தசோகை உள்ள குழந்தையில் இதற்கு நேர்மாறாக, உண்மையைவிடக் கூட்டிக் காட்டுகிறது. முதல் வகைப் பிழையால் ஒரு குழந்தைக்குத் தேவையற்ற டிரிப் போகலாம். இரண்டாம் வகைப் பிழையோ மெய்யான குறைவை மறைத்துவிடும். இரத்தப்போக்கினாலோ தாய்க்கும் சேய்க்கும் ஆர்.எச். இரத்த வகை பொருந்தாமையினாலோ வெளிறிப் பிறந்த குழந்தையில் மீட்டர் 50 காட்டினால் நிம்மதியடையாமல் இருப்பதே நல்லது.

இதில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. தொப்புள்கொடி வழியாக வந்துகொண்டிருந்த குளுக்கோஸ் நின்றுபோவதால், பிறந்த ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் சர்க்கரை இயல்பாகவே தாழ்ந்து, பிறகு தானாக ஏறத் தொடங்குகிறது. ஹீமாட்டோகிரிட் உச்சத்தை அடைவதும் ஏறத்தாழ அந்த இரண்டாவது மணி நேரத்தில்தான். அதாவது சர்க்கரை மிகவும் தாழ்ந்திருக்கும் நேரமும், மீட்டர் அதை இன்னும் தாழ்த்திக் காட்டக்கூடிய நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஆகவே உங்கள் பிரிவுக்கு வாங்கும் ஸ்ட்ரிப் டப்பாவுக்குள் இருக்கும் துண்டுத்தாளை எடுத்து, அது எந்த ஹீமாட்டோகிரிட் வரை செல்லும் என்று எழுதியிருக்கிறது என்பதைக் கட்டாயம் படியுங்கள். வீட்டு உபயோக ஸ்ட்ரிப்புகளில் சில 55 அல்லது 60 சதவீதத்தோடு நின்றுவிடுகின்றன. ஹீமாட்டோகிரிட்டையும் தானே அளந்து திருத்திக்கொள்ளும் மருத்துவமனை வகை மீட்டர்கள் இருக்கின்றன; டெண்டர் போடும்போது விலையை மட்டும் பார்க்காமல், பச்சிளங்குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர் எழுத்தில் கூறியிருக்கிறாரா என்பதையும் பார்க்குமாறு கேட்பது நம் உரிமை.

அடுத்தது ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் வகை ஸ்ட்ரிப்பில் இரத்தத்திலுள்ள ஆக்ஸிஜனும் வினையில் போட்டிக்கு வருகிறது. ஆகையால் ஆக்ஸிஜன் கொடுக்கப்படும் குழந்தையின் தமனி இரத்தத்தைத் தொட்டால் அது குறைத்துக் காட்டக்கூடும். குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் வகைக்கு ஆக்ஸிஜனால் தொல்லை இல்லை. ஆனால் அதில் பி.க்யூ.க்யூ. என்ற துணைப்பொருளைக் கொண்ட வகை, மால்டோஸையும் கேலக்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிக் கூட்டிக் காட்டிவிடும். இதைப் பற்றி எஃப்.டி.ஏ. 2009-இல் எச்சரிக்கையே விடுத்தது. நம் பிரிவில் இதற்கு என்ன வேலை என்று தோன்றலாம். மஞ்சள் காமாலைக்காக ஏற்றப்படும் இம்யூனோகுளோபுலின் மருந்துகளில் சிலவற்றில் மால்டோஸ் சேர்க்கப்பட்டிருக்கிறது. பிறவியிலேயே கேலக்டோஸைச் செரிக்க முடியாத குழந்தையின் இரத்தத்தில் கேலக்டோஸ் தேங்கியிருக்கும். அப்படிப்பட்ட குழந்தை வாந்தியும் சோர்வுமாகக் கிடக்கும்போது மீட்டர் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, உண்மையில் குளுக்கோஸ் அடிமட்டத்தில் இருக்கலாம்.

குழந்தை ஷாக்கில் இருந்தாலோ உடல் குளிர்ந்து பாதம் நீலம் பாய்ந்திருந்தாலோ, குதிகாலில் தேங்கி நிற்கும் இரத்தம் உடலின் மற்ற இடங்களில் ஓடும் இரத்தத்துக்குச் சான்றாகாது. அந்நிலையில் சிரையிலிருந்தோ தமனியிலிருந்தோதான் எடுக்க வேண்டும்.

ஸ்ட்ரிப் டப்பாவைப் பேணுதல்

நம் ஊரின் ஈரக்காற்று ஸ்ட்ரிப்புகளுக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடாமல் வைத்த டப்பா ஓரிரு நாட்களிலேயே கெடத் தொடங்கும். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் மூடியை அழுத்தி மூடுங்கள். ஸ்ட்ரிப்புகளை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். திறந்த தேதியை மூடியின் மேல் பேனாவால் எழுதுங்கள். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகள் 30 டிகிரி செல்சியஸுக்கு மேலான வெப்பத்தில் வைக்கத் தக்கவை அல்ல. அப்படியிருந்தும் கைக்கு எட்டும் தூரம் என்பதற்காக வார்மரின் மேல்தட்டிலேயே டப்பாவை வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. முதலில் மாற்ற வேண்டியது அதுதான். ஸ்ட்ரிப் டப்பாவின் குறியீட்டு எண்ணைக் கேட்கும் பழைய மீட்டராக இருந்தால், புது டப்பா திறக்கும்போதெல்லாம் அதைச் சரிபாருங்கள்.

சர்க்கரை அளவு முன்பே தெரிந்த, மீட்டருடன் வரும் கன்ட்ரோல் திரவத்தை நாளுக்கு ஒரு முறையும், புது டப்பா திறக்கும்போதும், மீட்டர் கீழே விழுந்தாலும் சோதித்துப் பாருங்கள். பெரியவர்களின் வார்டில் நடுத்தர அளவுத் திரவம் மட்டும் போதுமானதாக இருக்கலாம். நமக்குத் தாழ்ந்த அளவுத் திரவம் வேண்டும், ஏனெனில் நாம் முடிவெடுப்பது அங்கேதான். திரவத்தின் முடிவு தேதியையும் பாருங்கள். மேசை அலமாரியில் இரண்டு ஆண்டுகளாக உருண்டுகொண்டிருக்கும் புட்டியைக் கொண்டு நடத்தும் சோதனை வெறும் சடங்கு.

குதிகாலில் குத்தும் முறை

பாதம் குளிர்ந்திருந்தால் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை வெதுவெதுப்பான துணியைச் சுற்றி வையுங்கள். துணியின் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டக் கூடாது. கையுறையில் வெந்நீர் ஊற்றிக் கட்டும் வழக்கத்தைக் கைவிடுங்கள், அந்தத் தோல் எளிதில் கொப்புளித்துவிடும். குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்தபடியோ பால் குடித்துக்கொண்டிருக்கும்போதோ குத்தினால் அழுகை குறைவு, இரத்த ஓட்டமும் சீராக இருக்கும்.

இடம் குதிகாலின் உள்பக்க, வெளிப்பக்க ஓரங்கள். பெருவிரலின் நடுவிலிருந்து குதிகாலுக்கு ஒரு கோடும், நான்காம் ஐந்தாம் விரல்களுக்கிடையிலிருந்து இன்னொரு கோடும் இழுத்தால், அவற்றுக்கு வெளியே உள்ள பகுதி மட்டுமே பாதுகாப்பானது. குதிகாலின் பின்வளைவில் எலும்பு தோலுக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே குத்தக் கூடாது. குத்துக் கருவியான லேன்செட் 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது. தானாக உள்வாங்கிக்கொள்ளும் லேன்செட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஊசி முனையால் குத்துவது வேண்டாம்.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகு அரை நிமிடம் காயவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே குத்தினால் ஸ்பிரிட் துளியோடு கலந்து அளவைக் கெடுக்கும். முதல் துளியில் திசுநீர் கலந்திருக்கும் என்பதால் அதைச் சுத்தமான உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாம் துளியை எடுங்கள். துளி தானாகத் திரள வேண்டும். கணுக்காலை மெல்ல அழுத்தி விடுவித்துக் காத்திருக்கலாம், குதிகாலைப் பிழியக் கூடாது. பிழிந்தால் சிவப்பணுக்கள் உடையும், திசுநீர் கலந்து இரத்தம் நீர்த்துப்போகும். ஸ்ட்ரிப்பின் வாயைத் துளியில் ஒரே முறை தொட்டு, தானாக உறிஞ்ச விடுங்கள். போதவில்லை என்று இன்னொரு துளியை அதே ஸ்ட்ரிப்பில் சேர்ப்பது, அந்த மீட்டர் அதை அனுமதிக்காதவரை, தவறு.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் ஒன்று: விரலில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸ். நாம் நாள்தோறும் கையாளும் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் ஒரு டெசிலிட்டருக்கு 10,000 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது. ஸ்ட்ரிப்புக்குத் தேவையான ஒரு மைக்ரோலிட்டர் துளியில் அந்தத் திரவம் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே போதும், எண் ஏறத்தாழ 100 கூடிவிடும். உண்மையில் 25 இருக்கும் குழந்தை 120-க்கு மேல் காட்டும். அதைக் கண்டு எவரும் மறுபடி சோதிக்க மாட்டார்கள். ஆகவே டிரிப் மாற்றிய கையுறையோடு குதிகாலைத் தொடாதீர்கள். ‘சேனை’ என்று தேன் தொட்டு வைத்த பாட்டியின் விரலோ, குளுக்கோஸ் பவுடர் கரைத்த டம்ளரைப் பிடித்த கையோ அந்தப் பாதத்தை வருடியிருக்கலாம். வெறும் ஸ்பிரிட் பஞ்சு இதை முழுதாக நீக்கும் என்று எண்ணாமல், ஐயமிருந்தால் தண்ணீரில் நனைத்த பஞ்சால் முதலில் துடைத்து, உலர்த்தி, அதன் பிறகு ஸ்பிரிட்டுக்குப் போங்கள்.

இதே கணக்கு குழாயிலிருந்து எடுக்கும்போது இன்னும் கடுமையாகப் பொருந்தும். தொப்புள் சிரையில் செருகி டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருக்கும் யு.வி.சி. குழாயிலிருந்தோ, டிரிப் போட்டிருக்கும் அதே கையின் சிரையிலிருந்தோ மாதிரி எடுக்காமல் இருப்பதே உத்தமம். வேறு வழியே இல்லையென்றால் டிரிப்பை நிறுத்தி, குழாயில் தேங்கியுள்ள திரவத்தையும் அதற்குமேல் சிறிது இரத்தத்தையும் உள்ளிழுத்துத் தனியே வைத்துக்கொண்ட பிறகே மாதிரியை எடுங்கள். எண் எதிர்பாராத உயரத்தில் வந்தால் இன்சுலினைப் பற்றி யோசிப்பதற்கு முன் குதிகாலில் ஒரு முறை பாருங்கள்.

எண் வந்த பிறகு

கருவியின் எண்ணைக் குழந்தையோடு சேர்த்தே படிக்க வேண்டும். நடுக்கம், சோர்வு, பால் குடிக்க மறுத்தல், மெலிந்த அழுகை, மூச்சு நின்று நின்று வருதல், நீலம் பாய்தல், வலிப்பு இவற்றில் ஏதேனும் இருக்கும் குழந்தைக்கு மீட்டர் எல்லைக்கோட்டுக்குக் கீழே காட்டினால், ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. முதலில் சிரை இரத்தத்தை ஆய்வகக் குழாயில் எடுத்து வைத்துக்கொண்டு, உடனே உங்கள் பிரிவின் நெறிமுறைப்படி, வழக்கமாகக் கிலோவுக்கு 2 மில்லிலிட்டர் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸைச் செலுத்தித் தொடர் டிரிப்பை ஆரம்பித்து, 15 முதல் 30 நிமிடத்துக்குள் மறுபடியும் பாருங்கள். மாதிரி எடுக்கச் சிரை கிடைக்கவில்லை என்றால் சிகிச்சைக்கே முதலிடம். மீட்டர் எண்ணுக்குப் பதிலாக ‘லோ’ என்று காட்டினால், பெரும்பாலான கருவிகளில் 20-க்கும் கீழே, சிலவற்றில் 10-க்கும் கீழே என்று பொருள். அது ஸ்ட்ரிப் கோளாறு என்று வைத்துக்கொண்டு வேறு மீட்டரைத் தேடப் போவது ஆபத்தான நேர விரயம்.

அறிகுறி இல்லாத குழந்தைக்கு எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்தால், தாய்ப்பால் கொடுத்துவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பாருங்கள். எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே, அதாவது 45-ஐ எல்லையாகக் கொண்ட பிரிவில் 46 முதல் 60 வரை வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் பெரும்பாலான சுவர் அட்டவணைகள் சொல்வதில்லை. எடை குறைந்த குழந்தை, குறைமாதக் குழந்தை, நீரிழிவுள்ள தாயின் குழந்தை ஆகியோருக்கு இந்த இடைவெளியை ‘நார்மல்’ என்று எழுதாமல், பால் குடித்ததை உறுதி செய்துகொண்டு அடுத்த சோதனையை முன்கூட்டியே வைத்துக்கொள்வது என் நிலைப்பாடு. முதலில் சொன்ன 48-க்கு உரிய பதிலும் இதுவே.

ஐயம் வந்தால் மீண்டும் குத்திப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் 38, 43 என்று வந்து மூன்றாவதாக 51 வந்ததும் ஆறுதலடைந்து அதை மட்டும் எழுதுவது தவறு. அந்த மூன்று எண்களும் கருவியின் இயல்பான தடுமாற்றத்துக்குள் அடங்கியவையே. மூன்றையும் எழுதுங்கள், தாழ்ந்ததை வைத்து நடவடிக்கை எடுங்கள், ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் குழாய்

ஆய்வக மதிப்பே இறுதி என்று சொல்லிவிட்டு, அந்த மதிப்பை நாமே கெடுத்துவிடுவதும் உண்டு. குழாய்க்குள் போன பிறகும் இரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. பெரியவர்களின் இரத்தத்தில் இது மணிக்கு 5 முதல் 7 சதவீதம். அணுக்கள் மிகுந்த பச்சிளங்குழந்தையின் இரத்தத்தில் இன்னும் வேகமாக நடக்கும். சாம்பல் நிற மூடிக் குழாயிலுள்ள சோடியம் புளோரைடு இதை நிறுத்தும் என்று நம்பிவிடுகிறோம். அது வினைத்தொடரின் கடைசிப் பகுதியில் உள்ள ஒரு நொதியைத்தான் தடுக்கிறது என்பதால், முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குளுக்கோஸ் குறைந்துகொண்டேதான் இருக்கும். எனவே குழாயைப் பனிக்கட்டியில் வைத்து, எடுத்த நேரத்தை அதன் மேல் எழுதி, அரை மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் பிளாஸ்மா பிரிக்கப்படும்படி அனுப்புங்கள். வார்டு உதவியாளர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மொத்தமாகக் கொண்டுபோன குழாய்களில் வந்த 32-ஐ வைத்துக்கொண்டு, 50 காட்டிய மீட்டரைக் குறை சொல்ல முடியாது.

இரத்த வாயுக் கருவி பிரிவிலேயே இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அது ஓரிரு நிமிடத்தில், ஆய்வகத்துக்கு நெருங்கிய துல்லியத்தோடு குளுக்கோஸைத் தருகிறது. பிரிட்டிஷ் சங்கத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை, முடிவெடுப்பதற்கு இந்தக் கருவியையே பயன்படுத்தச் சொல்கிறது. கார்ட்ரிட்ஜ் விலையைக் காரணம் காட்டி எல்லாச் சோதனைக்கும் அதை மறுக்கும் இடங்களில், மீட்டர் எல்லைக்கோட்டுக்கு அருகிலோ கீழேயோ காட்டிய மாதிரிகளுக்காவது அதைக் கேட்டுப் பெறுங்கள். தோலில் ஒட்டும் தொடர் சென்சார்கள் திசுநீரில் உள்ள குளுக்கோஸைச் சற்றுத் தாமதமாகக் காட்டுபவை. ஏற்ற இறக்கத்தின் போக்கைப் பார்க்க உதவினாலும், தாழ்ந்த அளவில் சிகிச்சையைத் தீர்மானிக்க அவற்றை மட்டும் நம்ப முடியாது.

பதிவேட்டில் எண்ணோடு நேரம், பிறந்து எத்தனை மணி, கடைசியாகப் பால் குடித்து எத்தனை மணி, குதிகாலா சிரையா தமனியா, எந்த மீட்டர் என்பவற்றையும் எழுதுங்கள். அதன் கடைசிப் பக்கங்களில் இரண்டு பத்திகள் போட்டு, ஒரே நேரத்தில் எடுத்த மீட்டர் எண்ணையும் ஆய்வக எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வாருங்கள். ஹீமாட்டோகிரிட் தெரிந்தால் அதையும் சேருங்கள். நாற்பது ஜோடிகள் சேர்ந்ததும், 60-க்குக் கீழே உள்ளவற்றை மட்டும் தனியே எடுத்து, மீட்டர் எத்தனை முறை கூட்டிக் காட்டியது, எத்தனை முறை குறைத்துக் காட்டியது, அதிகபட்சம் எவ்வளவு விலகியது என்று கணக்கிடுங்கள். மீட்டரையோ ஸ்ட்ரிப் நிறுவனத்தையோ மாற்றும் நாளில் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள்.